கார்டுக்கும் பொட்டு வைத்தோம்: சின்னப் பட்டறையும் பாதுகாப்புச் சட்டமும்

ஒரு ஆயுத பூஜைக்கு முதல் நாள் பட்டறையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தபோது கம்பிரசருக்குப் பின்னால் ஒரு இரும்பு வலைக்கூண்டு அகப்பட்டது. மஞ்சள் பெயின்ட் பாதி உரிந்து, ஒட்டடை படிந்து, போல்ட் போடும் ஓட்டைகள் துருவேறிக் கிடந்தது. 30 டன் பவர் பிரஸ்ஸின் கார்டு அது, தகட்டை அடித்து வெட்டும் அந்த மிஷினுக்குள் கை போகாமல் தடுக்கும் கூண்டு. எப்போது கழற்றினோம், யார் கழற்றினார்கள், ஒருவருக்கும் நினைவில்லை. ஹெல்ப்பர் பையன் அதையும் துடைத்து மிஷின்களோடு வரிசையாக நிறுத்தி, சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டான். சாமி கும்பிட்டோம், பூசணிக்காய் உடைத்தோம், பொரி கடலை தின்றோம். விஜயதசமி அன்று சாஸ்திரத்துக்கு நாலு பீஸ் அடித்து பிரஸ் ஓட ஆரம்பித்தது. கார்டு பொட்டோடு பழைய மூலைக்கே போய்விட்டது.

நானும் மச்சானும் கூட்டாகக் கோவை கணபதி பக்கம் நடத்திய ஜாப் ஒர்க் பட்டறை அது. மூன்று பவர் பிரஸ், இரண்டு டிரில்லிங், ஒரு கிரைண்டர், ஒரு பழைய லேத். அந்த வருடம் எங்கள் காகிதங்களில் ஒரு குறையும் கிடையாது. லைசென்ஸ் புதுப்பித்தாயிற்று, இ.எஸ்.ஐ. கட்டியாயிற்று, சுவரில் சட்டச் சுருக்கம் பிரேம் போட்டுத் தொங்கியது, மாதம் பிறந்தால் கன்சல்டன்ட் வந்து ரிஜிஸ்டர்களை எழுதிவிட்டுப் போவார். யாராவது கேட்டால் 'நாங்கள் சட்டப்படிதான் நடத்துகிறோம்' என்று தயங்காமல் சொல்லியிருப்பேன். அடுத்த வருடம் அதே பிரஸ்ஸில் எங்கள் ஆபரேட்டருக்கு இரண்டு விரல் போனது. விசாரணைக்கு வந்த இன்ஸ்பெக்டர் ரிஜிஸ்டரைக் கேட்கவேயில்லை. கார்டு எங்கே என்று கேட்டார். எடுத்து வந்து காட்டினோம். குங்குமம் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகுதான் 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தை நானே உட்கார்ந்து படித்தேன். பட்டறை வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் அதைப் படித்ததில்லை, கன்சல்டன்ட் சொல்லிக் கேட்டதோடு சரி. படித்தால் பயம் வருகிறதோ இல்லையோ, ஆச்சரியம் வரும். இயந்திரங்களைப் பற்றிய 21-வது பிரிவு, ஆபத்தான பாகங்களுக்கு உறுதியான தடுப்பு வேண்டும் என்பதோடு நிற்கவில்லை. அந்தப் பாகம் ஓடிக்கொண்டிருக்கும்போது தடுப்பு அதனதன் இடத்தில் இருக்க வேண்டும், எப்போதும் நல்ல நிலையில் பராமரிக்கப்பட வேண்டும் என்றது. வாங்கி வைத்திருப்பது கணக்கில் வராது. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துப் பார்த்தால், பொட்டு வைத்த அன்றே நாங்கள் சட்டத்தை மீறித்தான் இருந்தோம். விரல் போகவில்லை என்பதால் யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சரி, முதலில் 'இந்தச் சட்டமெல்லாம் எனக்குப் பொருந்தவே பொருந்தாது' என்பவர்களைப் பார்த்துவிடுவோம். சின்னப் பட்டறைகளில் நடக்கும் பெரிய விளையாட்டே தலை எண்ணுவதுதான். பழைய சட்டத்தில் மின்சாரத்தோடு 10 பேர், மின்சாரம் இல்லாமல் 20 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை. அதனால் எல்லா இடத்திலும் ஒன்பது பேர்தான் இருப்பார்கள்! காலை ஷிப்ட் ஆறு பேர், ராத்திரி ஷிப்ட் ஆறு பேர் என்றால் 'ஆறு பேர்தான் சார்' என்பார்கள். சட்டம் ஒரு நாளில் எல்லா ஷிப்ட்டிலும் வேலை செய்பவர்களைச் சேர்த்துத்தான் எண்ணுகிறது, ஆக பன்னிரண்டு. காண்ட்ராக்டர் மூலம் வந்தவரும் கணக்கில் உண்டு, முதலாளிக்குத் தெரியாமல் காண்ட்ராக்டர் கூட்டி வந்தவரும் உண்டு. சம்பளம் வாங்குகிறாரா இல்லையா என்பதுகூட முக்கியமில்லை, சும்மா ஒத்தாசைக்கு என்று வந்து மிஷினில் உட்காரும் சித்தப்பா மகனும் தொழிலாளிதான். இன்னொன்று, கடந்த 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாள் அந்த எண்ணிக்கையைத் தொட்டிருந்தாலே போதும். தீபாவளி நெருக்கடியில் ஒரு வாரம் மட்டும் ஆள் சேர்த்தவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

2025 நவம்பர் 21 முதல் நாலு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் அமலுக்கு வந்துவிட்டன. அவற்றில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய 2020-ஆம் வருடச் சட்டம் பதின்மூன்று பழைய சட்டங்களை விழுங்கிவிட்டு வந்திருக்கிறது, தொழிற்சாலைகள் சட்டம் அதில் ஒன்று. இதில் தொழிற்சாலைக்கான எண்ணிக்கை 10-லிருந்து 20 ஆகவும், 20-லிருந்து 40 ஆகவும் உயர்ந்திருக்கிறது. வாட்ஸாப் குரூப்பில் இதைக் கொண்டாடியவர்கள் பலர். கொஞ்சம் பொறுங்கள். 10 பேர் வேலை செய்தாலே அது அந்தச் சட்டத்தின் கண்ணில் ஒரு 'எஸ்டாப்ளிஷ்மென்ட்'. பதிவு செய்ய வேண்டும். வேலை செய்யும் இடத்தை ஆபத்தில்லாமல் வைத்திருக்கும் முதலாளியின் பொதுக் கடமை அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. தொழிற்சாலை என்ற பெயர்தான் 20-க்குத் தள்ளிப்போயிருக்கிறது. அபராதமும் ஏறியிருக்கிறது. கடமை தவறி அதனால் ஒருவர் இறந்தால் 2 வருடம் வரை சிறை, அல்லது குறைந்தது 5 லட்சம் அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் சாவு நேர்ந்தால் குறைந்தபட்ச அபராதம் 25,000 ரூபாயாக இருந்தது. அந்த அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையை இறந்தவரின் குடும்பத்துக்குக் கொடுக்கச் சொல்லவும் இப்போது கோர்ட்டுக்கு வழி உண்டு.

நான் இங்கே பழைய சட்டத்தின் பிரிவு எண்களைத்தான் அதிகம் சொல்கிறேன். பட்டறைகளில் எல்லோரும் பேசுவது அந்த எண்களில்தான், புதிய சட்டத்திலும் விஷயம் பெரும்பாலும் அதே விஷயம்தான்.

அப்புறம், மாட்டுவது யார்? சட்டம் இதற்கு ஆக்குபையர் என்று ஒரு சொல் வைத்திருக்கிறது. தொழிற்சாலையின் மேல் கடைசி அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ அவர். கூட்டுத் தொழில் என்றால் பார்ட்னர்களில் ஒருவர், கம்பெனி என்றால் டைரக்டர்களில் ஒருவர். இந்த வரியின் பின்னால் போபால் இருக்கிறது. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு அங்கே விஷவாயு கசிந்ததற்குப் பிறகு, 1987-இல் சட்டத்தைத் திருத்தி ஆபத்தான தொழில்முறைகளுக்குத் தனி அத்தியாயம் சேர்த்தார்கள், ஆக்குபையரின் பொதுக் கடமைகளை 7ஏ என்ற பிரிவாக எழுதினார்கள். அதற்கு முன்பு பல கம்பெனிகளில் ஏதோ ஒரு மேனேஜர் பெயரை ஆக்குபையர் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள், கேஸ் வந்தால் அவர் போய் நிற்பார், டைரக்டர்கள் ஊட்டியில் இருப்பார்கள். திருத்தம் வந்த பிறகும் இதை விடாமல் உச்சநீதிமன்றம் வரை போனார்கள். 1996-இல் ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் கோர்ட் தெளிவாகச் சொல்லிவிட்டது: கம்பெனியாக இருந்தால் டைரக்டர்தான் ஆக்குபையராக இருக்க முடியும், சம்பளத்துக்கு இருக்கும் அதிகாரியைக் காட்டித் தப்பிக்க முடியாது. எங்களைப் போன்ற பட்டறைகளில் இந்தப் பிரச்சினையே கிடையாது. நானும் மச்சானும்தான் இருந்தோம், நான்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

இனி பிரஸ்ஸுக்கு வருகிறேன். கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சட்டத்தை மதிக்க வேண்டும் என்று நினைக்கும் நல்ல மனிதர்கள்கூடக் காசைக் கொட்டி ஏமாறும் இடம் இது.

கோவையிலும் அம்பத்தூரிலும் ஓசூரிலும் சின்னப் பட்டறைகளில் ஓடும் பழைய 'சி' பிரேம் பிரஸ்களில் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். காலால் பெடலை மிதித்தால் உள்ளே ஒரு பின் அல்லது சாவி போய் ஷாஃப்ட்டோடு மாட்டிக்கொள்ளும், ராம் என்ற அடிக்கும் பாகம் ஒரு முறை கீழே இறங்கி மேலே வரும். இதுதான் பின் கிளட்ச், மாட்டியது மாட்டியதுதான். ஒரு முழுச் சுற்று முடியும்வரை அதை யாராலும் நிறுத்த முடியாது, மோட்டாரை அணைத்தாலும் நிற்காது, ஃப்ளைவீலில் இருக்கும் வேகமே போதும். ஏர் கிளட்ச் பிரஸ் வேறு ஜாதி. அதில் காற்றை வெட்டிவிட்டால் பாதி வழியிலேயே ராம் நின்றுவிடும்.

இதைப் புரிந்துகொள்ளாமல் பின் கிளட்ச் பிரஸ்ஸுக்கு முன்னால் சென்சார் மாட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கை குறுக்கே வந்தால் ஒளிக்கதிர் அறுபடும், சிவப்பு விளக்கு எரியும், பஸ்ஸர் கத்தும். பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் பெடலை மிதித்த பிறகு கை போனால் விளக்கு எரியும், பஸ்ஸர் கத்தும், ராமும் இறங்கும். அமெரிக்காவின் தொழிலகப் பாதுகாப்பு விதிகளில் இந்த வகை கிளட்சுக்கு இப்படிப்பட்ட சென்சாரைப் பாதுகாப்பாக வைக்கவே கூடாது என்று தடையே உண்டு. விபத்துக்குப் பிறகு ஒருவர் எனக்கும் அதைத்தான் விற்கப் பார்த்தார், 'ஆடிட்டுக்கு இது போதும் சார்' என்றார். ஆடிட்டுக்குப் போதும்தான்.

சரி, இரண்டு கைக்கும் பட்டன் வைத்துவிட்டால்? அதுவும் கணக்குப் போட்டுத்தான் வைக்க வேண்டும். நிமிடத்துக்கு 60 ஸ்ட்ரோக் ஓடும் பிரஸ் என்றால் ஒரு சுற்றுக்கு ஒரு வினாடி, ராம் கீழே வந்து சேர அரை வினாடி. மனிதக் கையின் வேகத்தை இந்தக் கணக்குகளில் வினாடிக்கு 1.6 மீட்டர் என்று எடுப்பார்கள். அரை வினாடியில் கை 80 சென்டிமீட்டர் போய்விடும். கிளட்ச் பிடிக்கத் தாமதமாகும் நேரம் அதற்கு மேல். ஆகவே டையிலிருந்து, அதாவது பீஸை வைத்து அடிக்கும் அச்சிலிருந்து, ஒரு அடி தூரத்தில் இரண்டு பட்டன் வைத்தால், அமுக்கிவிட்டுக் கோணலாக இருக்கும் பீஸைச் சரிசெய்யக் கை போகும் நேரம் தாராளமாக இருக்கிறது. எங்கள் ஆபரேட்டருக்கு நடந்தது கிட்டத்தட்ட அதேதான். ஆனால் எங்களிடம் இருந்தது பெடல். பீஸ் கொஞ்சம் திரும்பியிருந்தது, கை திருத்தப் போனது, கால் பழக்கத்தில் மிதித்துவிட்டது. 'அவன் கவனம் இல்லாமல் மிதித்துவிட்டான்' என்றுதான் நானும் முதலில் சொன்னேன். ஒரு ஷிப்ட்டில் மூவாயிரம் தடவை கையும் காலும் மாறி மாறி வேலை செய்யும் இடத்தில் ஒரே ஒரு தடவை வரிசை தப்புவதற்குக் கவனமின்மை என்று பெயர் வைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. சாவி தேய்ந்துபோனாலோ, ஸ்பிரிங் உடைந்தாலோ ஒரு தடவை மிதித்ததற்கு ராம் இரண்டு தடவை இறங்கும். பட்டறையில் 'டபுள் அடிக்குது' என்பார்கள். டபுள் அடிக்க ஆரம்பித்த பிரஸ்ஸை அன்றைய ஆர்டர் முடியட்டும் என்று ஓட்டுவதுதான் வழக்கம். முதல் அடி முடிந்து பீஸை எடுக்கக் கை உள்ளே இருக்கும் நேரத்தில்தானே இரண்டாவது அடி வரும்.

பின் கிளட்ச் பிரஸ்ஸுக்கு நம்பகமான பாதுகாப்பு, கேட்டால் சப்பென்று இருக்கும்: கை போகவே முடியாத கூண்டு. தகடு மட்டும் நுழைய ஒரு சந்து விட்டு மீதியை மூடிவிடுவது. சந்து 6 மில்லிமீட்டருக்குள் இருந்தால் விரல் நுனிகூடப் பெரிதாக உள்ளே போகாது. செலவு ஒரு வெல்டருக்கு ஒரு நாள் கூலியும் கொஞ்சம் கம்பி வலையும்.

அப்படியானால் ஏன் கழற்றுகிறார்கள்? நீளத் தகட்டைத் தள்ளிக்கொண்டே போகும் ஸ்ட்ரிப் வேலைக்கு கார்டு தொந்தரவே இல்லை. தனித்தனியாக வெட்டிய பீஸை ஒவ்வொன்றாக டையில் வைத்து அடிக்கும் செகண்ட் ஆபரேஷன் வேலையில்தான் சிக்கல். கார்டோடு எங்களுக்கு மணிக்கு 400 பீஸ் வரும், இல்லாமல் 500 வரும். பீஸுக்கு இத்தனை பைசா என்று ஆபரேட்டருக்கும் கணக்கு, எங்களுக்கும் ஆர்டர் கொடுக்கும் கம்பெனி பேசுவது அதே பைசாக் கணக்கு. விலை பேசும்போது 500-ஐ வைத்துத்தான் பேசுகிறோம். அன்றைக்கே கார்டு கழன்றுவிட்டது, ஸ்பானர் பிறகுதான் வருகிறது. இதில் ஆபரேட்டரைத் திட்டுவதும் சூபர்வைசரைத் திட்டுவதும் வீண். கொட்டேஷன் போடும் இடத்திலேயே பாதுகாப்பு போய்விடுகிறது என்று நான் சொன்னால் இன்றைக்கும் சில நண்பர்களுக்குக் கோபம் வருகிறது.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமல்ல. ஹரியானாவின் ஆட்டோ உதிரிபாகத் தொழிற்சாலைகளில் அடிபட்டவர்களிடம் பேசி, சேஃப் இன் இந்தியா என்ற அமைப்பு 2019 முதல் அறிக்கைகள் வெளியிட்டு வருகிறது. கை நசுங்கும் விபத்துகளில் பெரும்பகுதி பவர் பிரஸ்களில்தான் நடக்கிறது என்பது அவற்றில் திரும்பத் திரும்ப வரும் விஷயம்.

நாங்கள் கடைசியில் செய்தது இதுதான். கார்டுக்குள்ளே போகும்படி ஒரு சறுக்குத் தட்டு அடித்தோம், பீஸை மேலே வைத்தால் அதுவே வழுக்கிக்கொண்டு டையில் போய் உட்காரும், அடித்த பீஸ் பின்பக்கம் விழும். சறுக்கில் உட்காராத சில வேலைகளுக்கு நுனியில் காந்தம் வைத்த கோல் கொடுத்தோம். முதல் வாரம் எல்லோரும் முணுமுணுத்தார்கள். மூன்றாவது வாரம் மணிக்கு 470 வந்தது. இதை விபத்துக்கு முன்பே செய்திருக்கலாமே என்று மச்சான் கேட்டபோது நான் ஒன்றும் பேசவில்லை.

விரலுக்குச் சட்டம் விலைப்பட்டியல் போட்டு வைத்திருக்கிறது, தெரியுமோ? 1923-ஆம் வருட ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் உடலின் ஒவ்வொரு பாகத்துக்கும் சம்பாதிக்கும் திறன் இவ்வளவு சதவீதம் போகிறது என்று எழுதியிருந்தது, இ.எஸ்.ஐ.யிலும் அதே கணக்குதான். கட்டைவிரல் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20, நாலும் போனால் 50. எங்கள் ஆபரேட்டருக்கு 20 வந்தது. அப்போது அவர் சம்பளம் 12,000. அதில் 90 சதவீதம் 10,800, அதில் 20 சதவீதம், மாதம் ஏறத்தாழ 2,160 ரூபாய், ஆயுள் முழுக்க. இ.எஸ்.ஐ. இருந்ததால் சிகிச்சையும் இந்தத் தொகையும் எங்கள் தலையில் விழவில்லை. அதனால்தான் சொல்கிறேன், 10 பேர் ஆனவுடன் இ.எஸ்.ஐ. போடுங்கள், ஆள் சேர்ந்த வாரமே பெயரைப் பதியுங்கள். அடிபட்ட பிறகு முன்தேதியிட்டுச் சேர்க்கப் பார்ப்பது பல இடங்களில் நடக்கிறது. மாட்டினால் அது தனிக் கேஸ், மாட்டாவிட்டாலும் அந்த ஆளுக்கு நாம் செய்தது துரோகம். இ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் இழப்பீடு முழுக்க முதலாளி கையிலிருந்து போக வேண்டும்.

விபத்து நடந்தால் தெரிவிப்பதும் இப்படித்தான். 48 மணி நேரம் அல்லது அதற்கு மேல் வேலைக்கு வர முடியாத அளவு அடிபட்டாலே தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு, பட்டறை பாஷையில் டிஷ் ஆபீஸுக்கு, தகவல் கொடுக்க வேண்டும். தையல் போட்டு மூன்று நாள் லீவு கொடுத்துக் கமுக்கமாக விடும் சின்ன அடிகள் எல்லாமே இந்தக் கணக்கில் வரும். அவற்றை எழுதி வைத்திருந்தாலே எந்த மிஷின் அடுத்த விரலை எடுக்கப் போகிறது என்று தெரிந்துவிடும். எங்கள் 30 டன் பிரஸ்ஸில் அதற்கு முன் இரண்டு தடவை நகம் போயிருந்தது. இரண்டுக்கும் மஞ்சள் வைத்துக் கட்டி அனுப்பியிருந்தோம்.

காகிதமே வீண் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் 101-வது பிரிவில் முதலாளிக்கு ஒரு வாசல் இருந்தது. நான் எடுக்க வேண்டிய அக்கறை எல்லாம் எடுத்தேன், என் அறிவோ சம்மதமோ இல்லாமல் இன்னார்தான் மீறினார் என்று நிரூபிக்க முடிந்தால் பழி உண்மையில் மீறியவருக்குப் போகும். அதை நிரூபிக்கக் காகிதம்தான் வேண்டும்: எந்தத் தேதியில் யாருக்கு என்ன சொல்லிக்கொடுத்தோம், கார்டைக் கழற்றியவருக்கு என்ன மெமோ கொடுத்தோம், எந்தப் பழுது எப்போது சரிசெய்யப்பட்டது. ஆனால் 12 மாதத்துக்கும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே நாளில் எழுதிய ரிஜிஸ்டர் அங்கே உதவாது. ஒருமுறை எங்கள் பயிற்சிப் பதிவேட்டில் வேலையை விட்டு ஊருக்குப் போய் நாலு மாதம் ஆன ஒருவர் 'தீயணைப்புப் பயிற்சி' எடுத்துக்கொண்டு கையெழுத்தும் போட்டிருந்தார்.

செயின் பிளாக், கிரேன், சங்கிலி போன்ற தூக்கு சாதனங்களை வருடம் ஒருமுறையும், லிஃப்ட்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் தகுதி பெற்ற ஒருவர் பார்த்துச் சான்று தர வேண்டும் என்பதும் பழைய சட்டத்தில் இருந்தது. பட்டறைப் படி ஏறாமலேயே போட்டோ வாங்கிக்கொண்டு சான்று கொடுப்பவர்களும் உண்டு. வேண்டாம் அந்தச் சகவாசம். கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆயத்த ஆடைத் தொழிற்சாலை 2012 செப்டம்பர் 11 அன்று தீப்பிடித்து 250 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அந்தத் தொழிற்சாலைக்கு தொழிலாளர்களை நல்லபடி நடத்துவதற்கென்று தரப்படும், சர்வதேச அளவில் மதிக்கப்படும் எஸ்.ஏ. 8000 சான்றிதழ் கிடைத்திருந்தது. திருப்பூரில் ஆடை வாங்கும் கம்பெனியின் ஆடிட்டுக்கு முந்தின நாள் மட்டும் வழியிலிருந்து பண்டல்களை நகர்த்துகிறவர்கள் இந்தக் கதையை அறிந்துவைத்திருப்பது நல்லது.

பாதிப் பேர் கவனிக்காத இன்னொரு விஷயம், மொழி. சட்டச் சுருக்கமும் அறிவிப்புகளும் ஆங்கிலத்திலும், தொழிலாளர்களில் பெரும்பான்மையோருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது பழைய சட்டத்தின் 108-வது பிரிவு. குடிதண்ணீர் வைத்திருக்கும் இடத்தில் எழுதும் பலகையும் பெரும்பான்மையோருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். இன்றைக்கு கோவை, ஓசூர் பட்டறைகளில் பிரஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் பீகார், ஒடிசா, ஜார்கண்ட்காரர்கள். சுவரில் தமிழில் 'கையை உள்ளே வைக்காதே' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம். பத்தில் ஆறு பேருக்குப் புரியாது என்றால் சட்டப்படி அந்தப் பலகை இல்லாததற்குச் சமம். நாங்கள் எங்கள் பழைய ஆபரேட்டர் ஒருவரையே ஹிந்தியிலும் ஒடியாவிலும் போனில் பேச வைத்துப் பதிவு செய்து, புதிதாக வருபவர்களுக்குப் போட்டுக் காட்டினோம். பலகையை விட அது நன்றாக வேலை செய்தது, ஏனென்றால் அதில் அவர் தன் கையைக் காட்டிப் பேசினார். இரண்டு விரல் போனவர் அவர்தான். இப்போது எங்கள் பட்டறையில் குவாலிட்டி பார்க்கிறார்.

டை மாற்றும் நேரத்தையும் சொல்லிவிட வேண்டும். ஓடும்போது இருக்கும் பயம் டை செட் பண்ணும்போது இருப்பதில்லை. செட்டர் தலையையே உள்ளே நுழைத்து போல்ட் முடுக்குவார். மெயினை அணைத்து, ஃப்ளைவீல் தானாக நின்ற பிறகு, ராமுக்கு அடியில் முட்டுக்கட்டை வைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். மெயினில் ஒரு பூட்டுப் போட்டுச் சாவியை அவரே சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டு 200 ரூபாய்க்கும் குறைவு.

காது வேறு கதை. பிரஸ் ஷாப்பில் பத்து வருடம் இருந்தவர்கள் வீட்டில் டி.வி. சத்தத்தைக் கேட்டால் தெரியும். சத்தத்தால் காது போவது சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் தொழில் நோயாக எழுதப்பட்டிருக்கிறது. அது தெரியவந்தால் டாக்டரும் தகவல் கொடுக்க வேண்டும், முதலாளியும் கொடுக்க வேண்டும். விரல் போனால் ஊரே கூடும், காது போனால் 'மாமாவுக்குக் கொஞ்சம் உரக்கச் சொல்லு' என்பதோடு முடிந்துவிடுகிறது.

பழைய தொழிற்சாலைகள் சட்டத்தில் எச்சில் துப்பியவருக்கு 5 ரூபாய்க்கு மேற்படாத அபராதம் என்றும், சுண்ணாம்பு அடிப்பது 14 மாதத்துக்கு ஒருமுறை என்றும் இருந்தது. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் எல்லோரும் முதலில் ஓடுவது அந்தச் சுண்ணாம்புக்குத்தான். வெள்ளையடித்த சுவருக்கு முன்னால் கார்டு இல்லாத பிரஸ் இன்னும் பளிச்சென்று தெரியும்.

பழைய பிரஸ் ஒன்று வாங்கப் போகிறீர்கள் என்றால் டன்னையும் விலையையும் கேட்பதற்கு முன்னால் கிளட்ச் என்ன வகை என்று கேளுங்கள். பின் கிளட்ச் என்றால் ஃப்ளைவீலைச் சுற்றவிட்டு ஒரே ஒரு முறை மிதித்துப் பாருங்கள், டபுள் அடிக்கிறதா என்று. இதையே இருபது முப்பது தடவை திரும்பச் செய்து பாருங்கள், விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. ஒரிஜினல் கார்டு எங்கே என்று கேளுங்கள். 'அது கிடக்கும் சார் எங்கேயாவது, நான் உங்களுக்கு சென்சாரே போட்டுத் தருகிறேன்' என்று அவர் சொன்னால், கார்டுக்கான செலவை விலையிலிருந்து கழித்துக்கொண்டு, வண்டி ஏற்றும்போதே வெல்டருக்கு போன் போட்டுவிடுங்கள்.